வாக்குறுதி உடைந்தாலும் ஓட்டு ஏன் உடையவில்லை?

எல்லைச் சுவருக்கு மெக்சிகோவே காசு கொடுக்கும் என்றார் டிரம்ப், 2016ல். கொடுக்கவில்லை, அமெரிக்க அரசுப் பணம்தான் போனது. ஆனாலும் 2020ல் (தோற்றாலும்) அவர் ஓட்டு சுமார் 6.3 கோடியிலிருந்து 7.4 கோடியாக ஏறியது.

பிரிட்டனின் நிக் கிளெக், கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்ப்பதாகக் கையெழுத்தே போட்டார். 2010ல் ஆட்சியில் சேர்ந்ததும் உயர்வை ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2015ல் அவர் கட்சி 57 இடத்திலிருந்து 8க்கு விழுந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? என் கணிப்பு: டிரம்ப் ஆதரவாளருக்கு சுவர் என்பது 'இவர் நம்மாளு' என்பதற்கான அடையாளம். கட்டி முடியாத பழியை எதிர்க்கட்சி மேலும் கோர்ட் மேலும் போட்டுவிடலாம். கிளெக் தன் கையாலேயே உடைத்தார்; பழியைத் தள்ளிவிட ஆளில்லை.

நான் ஓட்டுப் போடும் கட்சியையும் இப்படி யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கான சாக்கு என் வாயிலேயே தயாராக இருந்தது!