எண்ணைப் பிடித்தால் கப்பல் கிடைக்கும்

கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடங்கள் கடலில் உண்டு. அங்கே உயரமான கம்பத்தில் விளக்கேற்றிய கப்பல் ஒன்றை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். புயலடித்தாலும் நகராமல் நின்று, பாறையும் மணல்திட்டும் இருப்பதை மற்ற கப்பல்களுக்குச் சொல்வதே இந்த விளக்குக் கப்பலின் வேலை.

இதன் வரலாற்றைத் தேடுபவரை முதலில் குழப்புவது பெயர்தான். விலாவில் கொட்டை எழுத்தில் இருப்பது அது காவல் நிற்கும் இடத்தின் பெயர். இடம் மாறினால் பெயரும் மாறும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கும் 83ஆம் எண் கப்பலைப் பாருங்கள். 1904இல் நியூஜெர்சியில் கட்டப்பட்டது. பனாமா கால்வாய் திறக்காத காலம். தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு வந்தது. 1905 முதல் 1930 வரை அதன் பெயர் ‘பிளண்ட்ஸ் ரீஃப்’. பிறகு ‘சான் பிரான்சிஸ்கோ’. 1951 முதல் 1960 வரை, பழுதுபார்க்கப் போகும் கப்பல்களுக்கு மாற்றாக நின்றதால் ‘ரிலீஃப்’.

1916இல் ‘பேர்’ என்ற பயணிகள் கப்பல் தரைதட்டியபோது, சுமார் 150 பேர் இந்தக் கப்பலில் ஏறி உயிர் தப்பினார்கள். ‘ரிலீஃப்’ என்று தேடினால் இந்தச் செய்தி சிக்காது. எண்ணைக் கொண்டு, அந்த ஆண்டில் கப்பல் எங்கே நின்றது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தின் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 1939இல் அமெரிக்கக் கலங்கரை விளக்கத் துறை கடலோரக் காவல்படையோடு இணைந்தது, பின்னர் எண்களும் மாறின.

காகிதம் சொல்லாததைக் கப்பலின் உடம்பு சொல்லும். 1904இல் எஃகுத் தகடுகளை ரிவிட் அடித்தே இணைத்தார்கள். எங்கே வெல்டிங் தெரிகிறதோ, அது பிற்காலத்துப் பழுதுவேலை. பெயின்ட்டும் அப்படித்தான். ஒரு சிறு இடத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால் பூச்சுகள் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் இருப்பதுதான் மிகப் பழையது. இரு பூச்சுகளுக்கிடையே அழுக்குப் படிந்திருந்தால், மேல்பூச்சு அடிக்கும்வரை கீழ்ப்பூச்சு வெகுநாள் வெயில் மழையில் கிடந்தது என்று பொருள்.

பழைய கப்பலைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துருவைச் சுரண்டுமுன் படம் எடுங்கள், ஒரு கையகல இடத்தையாவது தொடாமல் விடுங்கள். சுரண்டி எறிந்த பூச்சை எந்த ஆவணக் காப்பகத்தாலும் திருப்பித் தர முடியாது.