கம்பி மாறினால் என்ன நேரும்?

மின்சாரம் நமது எல்லைப் பிரதேசத்துக்குப் புதிய சரக்கன்று. வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது 1902-ஆம் ஆண்டில். அன்று கம்பியைத் தொட்டவர்கள் தேர்ந்த சிலரே. இன்றோ ஓசூர் ஆலைகள் முதல் இராயக்கோட்டைத் தக்காளித் தோட்டத்துப் போர் வரையில், கெலமங்கலத்துப் பட்டுப்புழு மனை முதல் தறிக்கூடத்தில் தார் சுற்றும் மோட்டார் வரையில், மின்சாரம் ஓடாத இடமில்லை. திருகாணியைத் தளர்த்திக் கம்பியைக் கழற்றி மாட்டுவது யாவருக்கும் கைவந்த காரியமாகிவிட்டது. மாற்றிப் பூட்டினால் என்ன நேரும் என்பதை நமது அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், பெரும்பாலும் உடனே ஒன்றும் நேர்வதில்லை. அபாயமே அதில்தான் இருக்கிறது.

மும்முனை மோட்டாரை முதலில் பார்ப்போம். மூன்று பேஸ் கம்பிகளில் எவை இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். விசைத்தறியாயின் நெசவாளர் அக்கணமே கண்டுகொள்வார். தறியே காட்டிக் கொடுத்துவிடும். பல நூறு அடி ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கி மோட்டாரோ காட்டிக் கொடுப்பதில்லை. எதிர்த்திசையில் சுழன்றாலும் அது தண்ணீரை அறவே நிறுத்திவிடாது; குறைத்துத் தருகிறது. நீர்மட்டம் இறங்கிவிட்டதென்று எண்ணி விவசாயி கவலைகொள்கிறார். புதுப் போர் போடக் கடன் மனு எழுதுகிறார். மின்கம்பத்திலோ மின்மாற்றியிலோ கேபிள் இணைப்பிலோ பழுது பார்த்த மறுநாள் தண்ணீர் குறைந்ததென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பூமியையன்று, கம்பியை. மெயினை நிறுத்தி, ஒயர்மேனைக் கொண்டு இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தால் போதும். எந்தத் திசையில் நீர் மிகுதியாக வருகிறதோ அதுவே சரியான திசை. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: இந்தச் சோதனைக்குப் பிறகே போர் வண்டியை வரவழையுங்கள்.

அடுத்தது கண்டென்சர். மோட்டாரின் திறனுக்குத் தக்க அளவில் மூன்று முனைகளுக்கும் முறைப்படி இணைத்தால், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அது குறைக்கிறது. நன்மைதான். ஆனால் மூன்று முனைகளிலும் மின்சாரம் வராத வேளையில், வாராத முனையைக் கண்டென்சரால் உண்டாக்கி மோட்டாரை ஓட்டும் வழக்கமும் தோட்டங்களில் புகுந்திருக்கிறது. மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும். எனினும் மூன்று காயில்களிலும் மின்னோட்டம் ஒரே அளவாக இராது. ஒன்று அளவுக்கு மீறிச் சூடேறிப் பூச்சுக் கருகும். மின்மாற்றியும் ஒருபுறமாகப் பாரம் தாங்கித் தவிக்கும். அது எரிந்தால் அண்டை அயலார் பயிரும் சேர்ந்து வாடும். மின்வாரியம் இதைக் கூடாதென்று எச்சரிப்பது இதனால்தான். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் கூலி இலவசமன்று. இன்னொன்று: மெயினை நிறுத்திய பின்னரும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். உடனே கை வைக்கலாகாது.

நிறத்தை நம்பி மோசம் போகிறவர்களும் உண்டு. நம் நாட்டு வழக்கப்படி மூன்று பேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஐரோப்பிய யந்திரங்களில் நீலமே நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ்! இங்கிலாந்தும் 2004-ஆம் ஆண்டில் தன் பழைய நிறங்களை விட்டு அம்முறைக்கு மாறத் தொடங்கியது. அயல்நாட்டுப் பழைய யந்திரத்தை வாங்கி வந்து, நீலத்தை நீலத்தோடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கினால், நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் பேஸ் நுழையும். 230 வோல்ட்டுக்கென அமைந்த சாதனத்தின் மேல் 400 வோல்ட் பாயும். இது பொருள் நஷ்டம்.

உயிர் நஷ்டம் வருவது எர்த்தினால். வீட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு இரண்டே கம்பிகளை இழுப்பார்கள். அங்கே மூன்று துளைப் பிளக் பெட்டி இருக்கும். எர்த்துக்குக் கம்பி இல்லாமையால், ஒரு துண்டுக் கம்பியால் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுவார்கள். மோட்டார் செவ்வனே ஓடும். டெஸ்டர் வைத்தாலும் எரியாது. ஆண்டுக்கணக்கில் ஒரு தொல்லையும் இராது. ஒரு நாள் காற்று மழையில் நியூட்ரல் கம்பி அறுந்தால், பேஸ் மின்சாரம் மோட்டாரின் காயில் வழியே வந்து, திரும்பிச் செல்ல வழியின்றி, அந்தத் துண்டுக் கம்பி மூலம் இரும்புக் கூட்டில் ஏறி நிற்கும். மோட்டார் நின்றுவிட்டதே என்று தொடுகிறவர் கதி என்ன? இதனினும் கொடியது, கம்பத்தில் வேலை பார்த்தபின் பேஸும் நியூட்ரலும் இடம் மாறுவது. விளக்குகளுக்கு அதனால் ஒரு குறையுமில்லை, முன்போலவே எரியும். ஆனால் தறிக்கூடத்து யந்திரத்தின் கூடு முழுவதும் அந்நிமிஷமே பேஸாகிவிடும். கூடத்தில் ஒருவர் என்றோ செய்த பிழையைக் கம்பத்தில் மற்றொருவர் இன்று செய்த பிழை எழுப்பிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. மூன்றாவது கம்பியைத் தனியே இழுத்து, முறையாக அமைத்த எர்த் குழியில் சேர்க்க வேண்டும். கோடையில் குழி காயாதபடி தண்ணீர் விட வேண்டும். மெயினை அடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சை அமைப்பது நலம். சில இடங்களில் இதை வாங்கி வைத்தபின், 'அடிக்கடி விழுகிறது, வேலை கெடுகிறது' என்று கழற்றி மூலையில் போட்டிருக்கிறார்கள். ஈரத் தரையிலோ இரும்புக் காலிலோ யந்திரம் நிற்க, எர்த் முனை நியூட்ரலோடு இணைந்திருந்தால், திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி பூமி வழியே போய்விடும். ஸ்விட்ச் விழத்தான் செய்யும். கழற்ற வேண்டியது அந்த ஸ்விட்சையன்று, பிளக் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒரு துண்டுக் கம்பியை.