வயிற்றுக்குள் ஒரு மூடுபனி

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுக்கும் சர்ஜன் வயிற்றைக் குனிந்து பார்ப்பதே இல்லை. அவர் கண் எதிரே உள்ள திரையில் இருக்கும். தொப்புளருகே போட்ட துளை வழியாக கேமரா பொருத்திய, 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்கோப் உள்ளே போகிறது. போன வேகத்தில் திரை வெளுத்துவிடுகிறது. கேமராவில் கோளாறு ஏதுமில்லை, லென்ஸ் வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயிற்றுக்குள் 37 டிகிரி வெப்பம், போதாததற்கு நல்ல ஈரம். ஏசி தியேட்டரில் கிடந்த ஸ்கோப்போ சில்லென்று இருக்கிறது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் பொடிப்பொடியாக நீர் கோத்துக்கொள்கிறது. அதனால்தான், பல லட்ச ரூபாய் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டெரைல் செய்த ஃபிளாஸ்க்கில் சூடான சலைன் காத்திருக்கிறது. ஸ்கோப்பின் நுனியைச் சிறிது நேரம் அதில் வைத்து, துடைத்து, சூடு ஆறுமுன் உள்ளே விட்டால் நீர் கோக்காது. சிலர் லென்ஸில் பெட்டடின் தடவித் துடைப்பார்கள். அப்போது நீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும். ஒளி சிதறாமல் கடக்கும். ஆபரேஷன் நடுவே மங்கினால், ஸ்கோப்பை வெளியே எடுக்காமல் ஈரலின் வழவழப்பான மேற்பரப்பில் லேசாக ஒற்றி எடுப்பதும் உண்டு. பாடப்புத்தகத்தைவிட சீனியரின் கையைப் பார்த்துக் கற்கும் வித்தை இது.

வயிற்றை உப்பவைக்கும் கார்பன் டைஆக்சைடும் சிலசமயம் எதிரியாகிறது. கேமரா போகும் துளை வழியாகவே அதைச் செலுத்தினால், குளிர்ந்த வாயு லென்ஸின் மேலேயே வீசும். குழாயை வேறு துளைக்கு மாற்றினால் தொல்லை பாதி குறையும்.

அடுத்தது, திசுவைச் சுடும் காட்டரி கிளப்பும் புகை. அது ஒளியைச் சிதறடிக்கிறது.  ஒளிச்சிதறலை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் சி.வி. ராமன். 1928-இல் அவர் கண்டது நிறம் மாறும் சிதறல். புகையில் நடப்பது நிறம் மாறாத சாதாரணச் சிதறல். ஸ்கோப்பில் விளக்கும் கண்ணும் ஒரே நுனியில் இருப்பதால், புகைத்துகளில் பட்ட வெளிச்சம் நேரே லென்ஸுக்கே திரும்பிவிடுகிறது. ஏற்காட்டுப் பனியில் ஹைபீம் போட்ட கதைதான்: வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டப் பார்வை மோசமாகும். புகையை உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் உறிஞ்சினால் வாயுவும் சேர்ந்து போய் வயிறு அமுங்கிவிடும்.

வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கற்றையில் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானிக்குப் பங்குண்டு. அதன் வழியே படத்தைக் கடத்த முடியும் என்று லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து 1954-இல் எழுதினார். இந்தியாவில் லேப்ராஸ்கோப்பி மூலம் முதன்முதலில் பித்தப்பையை எடுத்தது மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், 1990-இல், செய்தவர் டெஹெம்டன் உட்வாடியா.

கருவி எவ்வளவோ மாறினாலும் ஸ்கோப்பைப் பிடிப்பவர் பெரும்பாலும் அங்கிருப்பவர்களில் ஜூனியர். படம் மங்கினால் திட்டு அவருக்குத்தான் விழும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, தவறு எப்போதும் அவருடையதல்ல. துடைத்து அனுப்பிய லென்ஸ் மறுபடி சிவந்தால், ஸ்கோப் நுழையும் துளைக்குழாயின் வால்வில் ரத்தம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். காஸ் துணியால் அதைத் துடைக்காமல் லென்ஸை மட்டும் துடைப்பது வீண்வேலை. நுனி பளிச்சென்றிருந்தும் மங்கல் போகவில்லையா? ஸ்கோப்பும் கேமராவும் பொருந்தும் இடத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் அங்கே, வயிற்றுக்கு வெளியே இருக்கலாம்.