கடிதத்திற்குப் பதில் போட்ட பெண்

மேடையில் பாடுகிறவருக்கு மாலை விழுவது உலக வழக்கம். ஆனால் அந்தப் பாடகர்களின் ரசிகர் மன்றத்தில் உட்கார்ந்து, வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, ஐம்பது ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் மேடைக்கு அழைத்துக் கை தட்டி வரவேற்றார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்தப் பெண்மணியின் பெயர் பிரீடா கெல்லி. அவர் பணியாற்றியது பீட்டில்ஸ் இசைக் குழுவின் ரசிகர் மன்றத்தில்.

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் பிறந்தவர்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் அல்லர். ஜார்ஜின் தந்தை பேருந்து ஓட்டியவர். புகழ் பெறுவதற்கு முன்னால் அவர்கள் கேவர்ன் என்ற நிலவறை மன்றத்தில் 1961 முதல் 1963 வரை சுமார் 292 தடவை பாடியிருக்கிறார்கள். பகல் உணவு வேளையில் அலுவலகங்களிலிருந்து ஓடிவந்து கேட்டுவிட்டுப் போகும் இளம் பெண்களில் ஒருவர்தான் பிரீடா. தட்டெழுத்து வேலை பார்த்துவந்த அவர், ஏறக்குறைய 190 நிகழ்ச்சிகளைப் பார்த்தாராம்.

முகவரி கொடுத்த வினை

குழுவின் நிர்வாகி பிரையன் எப்ஸ்டீன், 1962-இல் பிரீடாவைத் தம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அப்போது பிரீடாவுக்கு வயது 17. வேறொரு பெண் தொடங்கி நடத்திய ரசிகர் மன்றமும் விரைவில் அவர் கைக்கு வந்தது. விவரம் தெரியாத வயதல்லவா? மன்றத்தின் முகவரியாகத் தம் வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டார்.

குழுவின் புகழ் பரவப் பரவ, கடிதங்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரத் தொடங்கின. அந்தக் குவியலுக்கு நடுவில் தம்முடைய பில்களைத் தேடி எடுக்க முடியாமல் தந்தையார் கோபித்துக்கொண்டார். அதன் பிறகே மன்றத்தின் முகவரி அலுவலகத்திற்கு மாறியது.

கடிதம் வருவது பெரிதல்ல; பதில் போடுவதுதான் பெரிது. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வந்து சேர்ந்த காலத்தை நம்மில் பலர் அறிவோம். வானொலி நேயர் விருப்பத்திற்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தம் பெயரும் தோட்டத்தின் பெயரும் காதில் விழாதா என்று காத்திருந்தவர்களுக்கு, ஒரு பதிலின் அருமை தெரியும். அந்த அருமை பிரீடாவுக்கும் தெரிந்திருந்தது. அவரும் ஒரு ரசிகைதானே?

முடியும் தலையணை உறையும்

ரசிகைகள் கேட்ட பொருள்களைச் சொன்னால் சிரிப்பு வரும். ஜார்ஜின் தலைமுடியில் ஒரு துணுக்கு வேண்டும் என்பார் ஒருவர். இன்னொரு பெண் தலையணை உறை ஒன்றை அனுப்பி, ரிங்கோ இதில் ஓர் இரவு தலைவைத்துப் படுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வேறொருவராக இருந்தால் குப்பைக் கூடையில் போட்டிருப்பார். பிரீடா அந்த உறையை ரிங்கோவின் தாயார் எல்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மகன் அதில் படுக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். மிகச் சிறு வயதிலேயே தாயை இழந்த பிரீடாவுக்கு, இந்த எல்சி ஒரு தாய் போலவே இருந்தார்.

முடி விஷயத்திலும் அப்படித்தான். முடிதிருத்தும் கடையில் பாடகர்களின் தலையிலிருந்து விழுந்த முடியைத்தான் எடுத்து அனுப்புவார். ஒரு சமயம், உதவிக்கு இருந்த பெண் வேறு யாருடைய முடியையோ வெட்டி உறையில் போடுவதைக் கண்டார். உடனே அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார். கடல் கடந்து இருக்கும் ஒரு சிறுமிக்கு எந்த முடி யாருடையது என்று எப்படித் தெரியும்? தெரியாது என்பதனால்தானே நாணயம் வேண்டும்!

இதே மன்றத்தின் லண்டன் கிளையில், ஆன் காலிங்ஹாம் என்பவர் செயலாளர் என்று அச்சிட்டுக் கடிதங்கள் போயின. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அலுவலகத்தார் வைத்த கற்பனைப் பெயர் அது. லிவர்பூலிலோ உண்மையான ஒரு பெண் உண்மையான பதிலை எழுதிக்கொண்டிருந்தார். 1963-இல் ரசிகர்களுக்காக வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தட்டில் ஜார்ஜ் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூற, மற்றவர்களும் உற்சாகக் குரல் கொடுத்தார்கள்.

மன்றம் மூடிய பின்

1970-இல் குழு பிரிந்தது. 1972-இல் மன்றமும் மூடப்பட்டது. பிரீடா குடும்பத்தைக் கவனித்தார். பிறகு மறுபடியும் செயலாளர் வேலைக்கே போனார். தம்மிடம் இருந்த நினைவுப் பொருள்களில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். பாடகர்களின் வீட்டு ரகசியங்களை விற்றிருந்தால் பெரும் பணம் கிடைத்திருக்கும். விற்கவில்லை. தம் பேரன் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பல்லாண்டுகள் கழித்து வாய் திறந்தார். 'குட் ஓல் ஃப்ரீடா' என்ற ஆவணப்படம் 2013-இல் வெளிவந்தது. அதைத் தயாரிக்க ரசிகர்களும் பணம் கொடுத்து உதவினார்கள்.

ரசிகர்கள் கூடும் வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. மார்க் லபிடோஸ் என்ற இளைஞர் 1974-இல் நியூயார்க்கில் ஜான் லெனனை நேரில் கண்டு, அவருடைய வாழ்த்தைப் பெற்று, ஒரு பெரிய ரசிகர் விழாவை நடத்தினார். 2024-இல் அவ்விழாவுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. லிவர்பூலிலும் ஆகஸ்டு மாதத்தில் பல நாட்டு ரசிகர்கள் திரள்வார்கள். இத்தகைய கூட்டங்களில்தான் பிரீடாவும் சிறப்பு விருந்தினராக வரவேற்கப்பட்டார். சிறு வயதில் கடிதம் எழுதியவர்கள் தலை நரைத்தபின் அவரைக் கண்டு பேச முடிந்தது.

நம் மன்றங்களின் நிலை என்ன?

இளைஞர்கள் பாட்டுக்கும் படத்துக்கும் பைத்தியமாகத் திரிகிறார்கள் என்று நாம் கடிந்துகொள்கிறோம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு ரசிகர் கூட்டத்திலும் நாணயமாகத் தொண்டு செய்ய இடம் இருக்கிறது என்பதை இந்தப் பெண்மணி காட்டிவிட்டார்.

நம் தோட்டங்களிலும் மணிமன்றம், கோயில் கமிட்டி, காற்பந்துக் குழு, நாடக மன்றம் என்று எத்தனை இருந்தன! ஒவ்வொன்றிலும் சந்தா வசூலித்து, கடிதம் எழுதி, நாற்காலி சுமந்து, கடைசிவரை மேடை ஏறாத ஒருவர் இருந்திருப்பார். மாலையோ, விழாவுக்கு வந்த பிரமுகருக்குத்தான் விழுந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அந்த மன்றங்களின் கணக்குப் புத்தகமும் பழைய படங்களும் அவருடைய வீட்டு அலமாரியில்தான் கிடக்கின்றன. அவர் காலத்திற்குப் பின் பழைய காகிதம் என்று அவை எடைக்குப் போய்விடக்கூடும்.

பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சி அடுத்த முறை நடக்கும்போது, அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வாருங்கள். ஒரு பொன்னாடை போர்த்துங்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களுடைய பாட்டன் பாட்டி பெயரும் அதில் இருக்கும்.