ஆடும் முள்ளும் விலகிய துளையும்

கோபிச்செட்டிபாளையத்து அன்பர் ஒருவர், தம் தகப்பனார் சேர்த்துவைத்த இசைத்தட்டுகளை ஆற அமரக் கேட்கவேண்டுமென்ற ஆசையினால் புதிதாக ஒரு டர்ன்டேபிள் வாங்கி, அது ஓடும் விதத்தைக் கண்டு கவலையுற்று, "ரிக்கார்டு சுத்தும்போது முள்ளு கார்ட்ரிஜோட சேர்ந்து ஊஞ்சலாடுதுங்க, கடைக்காரர் சொன்னாருன்னு கார்ட்ரிஜையே மாத்திப் பார்த்தேன், அப்பவும் அதே ஆட்டந்தானுங்க, இதுக்கு என்னதானுங்க வழி?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கார்ட்ரிஜுக்குக் கொடுத்த பணம் வீண் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். அவர் வீட்டில் முள்ளை ஆட்டுவிப்பது அநேகமாக அந்தத் தட்டாகவே இருக்கும்.

கோயமுத்தூர்க் கணபதியில் என் மாமா லேத்து ஓட்டிய பட்டறையில், பம்புக்கான உருப்படி ஒன்றை நாலு ஜா சக்கில் பிடித்தவுடன் அவர் செய்யும் முதல் காரியம், டயல் கேஜின் நுனியை அதன்மேல் படியவைத்துச் சக்கைக் கையால் மெல்லச் சுற்றுவதுதான். உருப்படி மையம் தப்பி உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேஜின் முள் ஒருமுறை முன்னேறி ஒருமுறை பின்வாங்கும். அதற்காகக் கேஜைப் பழுது என்று தூக்கியெறிபவர் அந்த ஊரில் எவருமிலர். ஒரு ஜாவை இளக்கி, எதிர் ஜாவை இறுக்கி, முள் அசையாமல் நிற்கும்வரை தட்டித் தட்டி நகர்த்துவார்கள். டர்ன்டேபிளின் கையும் அப்படியொரு டயல் கேஜ்தான். வரிப்பள்ளம் எங்கே போகிறதோ அங்கே போவதைத் தவிர அதற்கு வேறு கடமை கிடையாது.

சுருளாகச் செல்லும் அந்த வரிப்பள்ளத்துக்கு ஒரு மையம் உண்டு. தட்டின் நடுவிலுள்ள துளைக்கும் ஒரு மையம் உண்டு. இவ்விரண்டும் ஒன்றாயிருக்கவேண்டுமென்பது விதியாயினும், 1928 முதல் நம் நாட்டுத் தட்டுகளில் பெரும்பகுதியை அச்சிட்டுத் தந்த கல்கத்தா டம்டம் ஆலையிலாகட்டும், மேல்நாட்டு ஆலைகளிலாகட்டும், எல்லாத் தட்டிலும் அது நிறைவேறியதென்று சொல்வதற்கில்லை. தட்டின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அச்சுத் தகடுகள். ஒவ்வொன்றையும் தனியே மையம் பார்த்துத் துளையிட்டுப் பிறகே அழுத்தியில் மாட்டுகிறார்கள். ஆகையால் ஒரு பக்கம் அம்மிக்கல்லைப் போல அசையாமல் ஓடும் தட்டு, திருப்பிப் போட்டவுடன் தள்ளாடத் தொடங்கினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தட்டே குற்றவாளி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியமும் தேவையில்லை. எந்தத் தட்டைப் போட்டாலும், எந்தப் பக்கத்தை வைத்தாலும் ஒரே அளவாக ஆடுமானால் மாத்திரம் நடுக்கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கடிகாரமும் ஒரு துப்புக் கொடுக்கும். நீண்ட நேரத் தட்டு ஒருமுறை சுற்றி வர 1.8 விநாடி ஆகிறது; 78 சுற்றுத் தட்டுக்கு முக்கால் விநாடிக்குச் சற்று மேல். ஆட்டம் இந்தத் தாளத்தோடு ஒத்துப்போனால் அது தட்டைச் சார்ந்தது. ஒவ்வாமல், நினைத்தபோது நினைத்தபடி துடித்தால் கையின் பேரிங்கையோ, கார்ட்ரிஜைத் தலையோடு பிணைக்கும் இரண்டு திருகாணிகளையோ சந்தேகிக்கலாம்.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிரியமான விசித்திரத்துக்கு வருகிறேன். முள் பக்கவாட்டில் ஆடுவதனால் முள்ளுக்குப் பெரிய ஹானி எதுவுமில்லை, ஹானி சுருதிக்கு. துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். கை அப்போது மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் போய்வரும். வரிப்பள்ளம் ஒரு பாதிச் சுற்றில் மையத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்டவும், மறு பாதியில் அதே அளவு தள்ளியும் அமைவதால், முள்ளின் அடியில் அது ஓடும் வேகம் கூடிக் குறைகிறது. வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். தட்டின் விளிம்பில், மையத்திலிருந்து 145 மில்லிமீட்டர் தொலைவில், இந்த ஏற்ற இறக்கம் மொத்தமாகச் சுமார் 1.4 சதவீதம்தான். கடைசிப் பாட்டு முடியுமிடத்திலோ தொலைவு 60 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறபடியால் அதே விலகல் 3.3 சதவீதமாக வளர்ந்துவிடுகிறது. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே ஏறக்குறைய 6 சதவீதம் என்பதையும், நம் சங்கீத சாஸ்திரம் கணக்கிலெடுக்கும் மிகச் சிறிய இடைவெளியாகிய பிரமாண சுருதி 81க்கு 80 என்ற விகிதம், அதாவது ஒன்றேகால் சதவீதம், என்பதையும் நினைத்துப் பார்த்தால் இது எத்தகைய அபஸ்வரம் என்பது விளங்கும். பாடகர் பாடாத ஓர் அசைவைத் துளை பாடிவிடுகிறது!

ஆயினும் நம் வீடுகளில் இது வெகுகாலம் அகப்படாமலே ஒளிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மேல்நாட்டார் பியானோத் தட்டைக் கேட்டமாத்திரத்தில் முகம் சுளிப்பார்கள், ஏனெனில் பியானோவின் ஸ்வரம் ஆடக்கூடாதது. நமக்கோ கமகமே உயிர். நாகஸ்வர ஆலாபனையில் துளையின் கைவரிசை கலந்துவிட்டால், எது வித்வானுடையது, எது டம்டம்மினுடையது என்று பிரித்தறிய நல்ல காது வேண்டும். அதைப் பிடிக்க உகந்த இடம் கார்வை. நம் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பற்றி, அசைக்காமல் நிறுத்துகிறாரே, அங்கே செவி கொடுங்கள். முக்கால் விநாடிக்கொரு தரம் அந்தக் குரல் மெல்ல மிதந்து தாழ்ந்தால், அது அந்த அம்மாளின் குரலில் இருந்ததென்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். பின்னணியில் சுருதிப்பெட்டி கேட்குமானால் அதுவும் கூடவே தாழ்வதைக் காணலாம். பாடுபவர் பிசகினால் சுருதிப்பெட்டி பிசகாது.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் நாகாமிச்சி நிறுவனத்தார் டி.எக்ஸ்.-1000 என்றொரு யந்திரம் செய்தார்கள். தட்டின் முடிவிலுள்ள வெற்று வரியைத் தனியொரு சிறு கையால் தொட்டு, விலகலை அளந்து, மேல்தட்டைத் தானே நகர்த்தி மையப்படுத்தும் அந்த யந்திரத்தின் விலை சாமானியர் எட்டக்கூடியதன்று. அதன் தத்துவம் மாத்திரம் இலவசம். துளையை உருண்டை அரத்தினால் மயிரளவு அகலப்படுத்தி, கையின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தட்டின் விளிம்பை விரலால் சிறிது சிறிதாகத் தள்ளினால், ஆட்டம் அடங்கும் நிலை ஒன்று அகப்படும். பட்டறைக்காரர் சக்கில் செய்வதும் இதுவே. கடையில் இன்றும் கிடைக்கும் தட்டுக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம். பாட்டனார் காலத்து அரக்குத் தட்டில் அரம் வைப்பதை நான் ஒருபோதும் சம்மதியேன். அது விண்டுபோகும், விண்டால் மறு பிரதி கிடைக்குமென்ற உறுதி ஏதுமில்லை. அத்தகைய தட்டின் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்வதே மரியாதை.

மேலும் கீழுமான ஆட்டம் வேறு ஜாதி. அது தட்டு கோணியதால் வருவது, கோணியது பெரும்பாலும் நம் அலட்சியத்தால். வினைல் சுமார் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும் பண்டம். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணிலும் அதைப் படுக்கையாக அடுக்கி, மேலே பழைய பாத்திர மூட்டையையும் ஏற்றிவைத்துவிட்டு, பின்பு முள்ளைக் குறைகூறுவது எந்த ஊர் நியாயம்? பட்டுப் புடவைக்குத் தனி அலமாரி வைக்கும் குடும்பங்களில் இசைத்தட்டை நிமிர்த்தி நிறுத்த ஒரு சாண் இடம் அகப்படுவதில்லை.

அதைவிடவும் என் மனத்தை உறுத்துவது நாலணா வைத்தியம். முள் துள்ளுகிறதென்று அதன் தலைமேல் ஒரு நாலணாக் காசை ஒட்டிவைக்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தக் காசின் எடை இரண்டரை கிராம். இக்காலக் கார்ட்ரிஜ் ஒன்று வரிப்பள்ளத்தின்மேல் சுமத்தும் பாரமே சுமார் இரண்டு கிராம்தான். காசு ஏறியவுடன் பாரம் இரண்டு மடங்குக்கு மேலாகி, முள்ளைத் தாங்கும் மெல்லிய தண்டு அமுங்கி, சில சமயம் கார்ட்ரிஜின் வயிறே தட்டில் உரசும். நாலணாவை அரசாங்கம் 2011இல் செல்லாக்காசாக்கிவிட்டது. பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளிலோ அது இன்னமும் செலாவணியில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பின்பாரத்தைத் திருகிக் கை தராசுக்கோல் போல மிதக்கும்படி சமன்செய்து, அதன்பிறகு கார்ட்ரிஜ் செய்தவர் குறித்த பாரத்தை மாத்திரம் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் முள் துள்ளினால், பெரும்பாலும் கையின் பேரிங்கில் நாட்பட்ட கிரீஸ் பிசினாக உறைந்திருக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு, தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால் போதும்.