அமராவதி நகரிலிருந்து கடக்வாஸ்லாவுக்கு

நுழையும்முன்

வீரத்தைப் போற்றிய நெடிய மரபு தமிழுக்கு உண்டு. புறத்திணை இலக்கியங்கள் போரையும் போர்வீரனையும் பாடின. திருக்குறள் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைப் படைக்கு ஒதுக்கியது. இன்று ஒருவர் படை அதிகாரியாவது எவ்வாறு? அதற்குரிய பயிற்சிக் கூடத்தில் இடம்பெறும் வழி யாது? இடம் கிடைத்தாலும் அவ்வாழ்க்கை தமக்குப் பொருந்துமா என்பதை எப்படி அறிவது? இவற்றுள் மூன்றாவது வினாவையே இப்பாடம் மிகுதியாக எண்ணிப் பார்க்கிறது.

அணையருகே ஒரு பள்ளி

திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே, மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் அமராவதி நகரை அடையலாம். காவிரியின் துணையாறாகிய அமராவதியின் குறுக்கே 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அணையை ஒட்டியது இவ்வூர். இங்கு 1962ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் சைனிக் பள்ளி தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் படை அதிகாரிகளுள் பெரும்பாலோர் சில வட்டாரங்களிலிருந்தும் வசதி மிக்க குடும்பங்களிலிருந்தும் வந்தவர்களாக இருந்தனர். உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வாய்ப்புக் கிட்ட வேண்டும் என்னும் நோக்கில், வி.கே.கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1961இல் உருவான திட்டமே சைனிக் பள்ளிகள்.

பேச்சுவழக்கில் இதனை ‘மிலிட்டரி ஸ்கூல்’ என்பர். அதனால், இங்கே சேர்ந்துவிட்டாலே படையில் சேர்ந்ததாகும் என்று கருதுவோர் உளர். அது சரியன்று. இது விடுதியோடு கூடிய பள்ளி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவது. தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது. இங்குப் பயின்றவர்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆவதுண்டு. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மட்டுமே அனைத்திந்திய நுழைவுத் தேர்வின் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. 2021-22ஆம் கல்வியாண்டு முதல் சைனிக் பள்ளிகள் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கான தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டது. உங்கள் தம்பி தங்கையருக்கு இச்செய்தி பயன்படக்கூடும்.

உங்களுக்குரிய வாயில்

புனே நகருக்கு அருகில் கடக்வாஸ்லாவில் அமைந்துள்ளது தேசியப் பாதுகாப்பு அகாடமி. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றுக்கும் உரிய இளைஞர்கள் மூன்றாண்டுகள் இங்கே ஒன்றாகப் பயிற்சி பெற்றுப் பட்டமும் பெறுகின்றனர். பின்னர் அவரவர் படைக்குரிய பயிற்சிக் கூடத்துக்குச் செல்கின்றனர். தரைப்படைக்குரியவர் டேராடூனிலுள்ள இந்திய இராணுவ அகாடமிக்குச் செல்வர்.

இதற்கான எழுத்துத் தேர்வை ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. வயது, பயிற்சி தொடங்கும் காலத்தில் ஏறத்தாழ பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருத்தல் வேண்டும். திருமணம் ஆகியிருத்தல் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் பயில்வோர் விண்ணப்பிக்கலாம்; பதினொன்றாம் வகுப்பினர் விண்ணப்பிக்க இயலாது. வான்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றைப் பயின்றிருக்க வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு எப்பாடப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். வணிகவியல் பயில்வோர் மிகுந்த நம் பகுதியில் பலர் இதனை அறிவதில்லை. அறிந்தவரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்களில் 300 கணிதத்துக்கு உரியவை. பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிட்டவர் அதனைத் தாமே கற்றாக வேண்டும். எஞ்சிய 600இல் 200 ஆங்கிலத்துக்கு உரியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைவதால், தமிழ்வழியில் பயின்றவருக்கு இரட்டைச் சுமை. அச்சுமை உண்மையானது, ஓராண்டு நாள்தோறும் ஆங்கில நாளிதழ் படிப்பதும், கணிதக் கலைச்சொற்களை இருமொழியிலும் எழுதிப் பழகுவதும் அதனைப் பெரிதும் குறைக்கும்.

ஐந்து நாள் ஆய்வு

எழுத்துத் தேர்வில் வென்றவரைப் படைப்பணித் தேர்வு வாரியம் ஐந்து நாள்கள் தங்கவைத்து ஆராய்கிறது. இதற்கும் 900 மதிப்பெண்கள். ஒருவரை ஆராய்ந்தறிந்த பின்னரே அவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பதைத் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் விளக்கியுள்ளார். அக்கருத்தின் இக்கால வடிவம் என்றே இவ்வாய்வைக் கூறலாம்.

முதல்நாள் வடிகட்டல். அதில் தேறாதவர் அன்றே ஊர் திரும்புவர். அடுத்து உளவியல் தேர்வுகள். ஒரு படம் அரை நிமிடம் காட்டப்படும். நான்கு நிமிடங்களில் அதைப் பற்றிக் கதை எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லாக அறுபது சொற்கள் காட்டப்படும். பதினைந்து நொடிகளுக்குள் அச்சொல் எழுப்பும் எண்ணத்தை எழுத வேண்டும். பொய்யாகச் சிந்தித்து எழுத அந்த நேரம் போதாது என்பதே இதன் நுட்பம். பிறகு களப்பணிகள். பலகை, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் தந்து, தரையைத் தொடாமல் ஒரு பள்ளத்தைக் குழுவாகக் கடக்கச் செய்வர். உரத்த குரலில் ஆணையிடுபவரே தலைவர் என்று எண்ணிப் பலர் இங்கே சறுக்குகின்றனர். தம் யோசனையைவிடத் தோழரின் யோசனை சிறந்தது எனக் கண்டதும் அதனை ஏற்றுப் பலகையின் மறுமுனையைப் பிடிப்பவரையும் ஆய்வாளர் கவனித்துக்கொண்டிருப்பார். நேர்காணலும் ஐந்தாம் நாள் கலந்தாய்வும் முடிந்ததும் முடிவு அறிவிக்கப்படும். தேர்ந்தவர் மருத்துவப் பரிசோதனைக்குச் செல்வர். கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன் முதலியன அங்கே பார்க்கப்படும். இவற்றை முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் காட்டி அறிந்துகொள்வது நன்று.

மனப்பாடம் செய்த விடைகளால் இவ்வைந்து நாள்களைக் கடந்துவிடலாம் என்று கூறும் பயிற்சி மையங்களின் விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். நான் அவற்றை நம்புவதில்லை.

தெரிந்து தெளிவோம்

2021 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வைப் பெண்களும் எழுதும் வாய்ப்புப் பெற்றனர். முதல் அணி 2022இல் சேர்ந்தது. அவர்களுள் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

நமக்குப் பொருந்துமா?

உளவியல் தேர்வின் இறுதியில், உம்மைப் பற்றி உம் பெற்றோர் என்ன கருதுகின்றனர், ஆசிரியர் என்ன கருதுகிறார், நண்பர்கள் என்ன கருதுகின்றனர், நீர் என்ன கருதுகிறீர் என எழுதச் சொல்வர். தேர்வுக்குச் செல்லும் எண்ணம் உங்களுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதனை ஒருநாள் வீட்டில் அமர்ந்து எழுதிப் பாருங்கள். எழுதியதைத் தாயிடமும் நெருங்கிய நண்பரிடமும் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

சீருடையின் மிடுக்கும் திரைப்படங்களும் இளையோரை ஈர்ப்பது இயல்பே. ஆனால் சீருடை அணிந்து நிற்கும் நேரத்தைவிட, தனக்கு உடன்பாடில்லாத ஆணைக்கும் கீழ்ப்படிந்து நிற்கும் நேரம் அவ்வாழ்வில் மிகுதி. அதிகாலை எழுவதை ஓராண்டில் பழகிவிடலாம். பொங்கலுக்கும் தங்கையின் திருமணத்துக்கும் வர இயலாமற்போவதைப் பழகுவது கடினம். அதிகாரியின் முடிவால் அவர் வழிநடத்தும் வீரர்கள் உயிரிழக்க நேரலாம். எதிரியின் உயிரை எடுக்கவும் நேரலாம். இதை எண்ணித் தயங்குபவரைக் கோழை என்பது அறியாமை. எண்ணாமலே புறப்படுபவரைக் குறித்தே ஆசிரியர் என்ற முறையில் நான் கவலைகொள்கிறேன்.

பொருள்நிலையும் ஆராயத்தக்கது. பனியன் தொழில் நிறைந்த நம் பகுதியில், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் பவர் டேபிளில் அமர்ந்தால் சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வரும். அகாடமியில் பயிற்சி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை அரசே ஏற்கும். எனினும் அம்மூன்றாண்டுகளில் ஊதியம் இல்லை. அடுத்த கட்டமாகிய டேராடூன் பயிற்சியின்போதுதான் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. வாரக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் மூன்றாண்டு என்பது சிறிய காலம் அன்று. நாட்டுப்பற்று என்னும் ஒரு சொல்லைக் கூறி அக்கணக்கை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. பெற்றோரோடு அமர்ந்து அதனைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மேலும், தக்க காரணமின்றித் தாமாகவே பயிற்சியை விட்டு விலகுபவரிடமிருந்து பயிற்சிச் செலவைத் திரும்பப் பெறுவதற்கு இசைந்து பெற்றோர் முன்னதாகவே கையொப்பமிடுகின்றனர். பயிற்சியில் படுகாயமுற்று, உடல்தகுதி இழந்து வெளியேற்றப்படுபவரும் உண்டு. அதிகாரியாகப் பொறுப்பேற்பதற்கு முன்பே வெளியேறியதால் அவர்கள் முன்னாள் படைவீரர்க்குரிய தகுதியைப் பெறுவதில்லை. அவர்தம் துயரை 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இவையெல்லாம் விளம்பரப் பதாகைகளில் இடம்பெறுவதில்லை.

பதினேழு வயதில் விடை கிடைக்கவில்லையாயின் அதனால் குறையில்லை. பட்டப்படிப்பை முடித்தபின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுதலாம். அத்தேர்வின் வழியே சேரத்தக்க அதிகாரிகள் பயிற்சி அகாடமி சென்னைப் பரங்கிமலையிலேயே உள்ளது. அங்கே ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் பத்தாண்டுப் பணி. விரும்பினால் அதனை நான்காண்டுகள் நீட்டிக்கவும் வாய்ப்புண்டு. பெண்கள் அங்கே 1992 முதல் பயிற்சி பெறுகின்றனர். காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் 2014 ஏப்ரல் 25 அன்று வீரமரணம் எய்தி, அசோக சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் அவ்வகாடமியில் பயின்றவரே. அவர் வணிகவியலில் பட்டம் பெற்று, இதழியலிலும் பட்டயம் பெற்ற பின்னரே அங்குச் சேர்ந்தார். 2006இல் அதிகாரியாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.