உங்கள் பில்லில் காட்டின் பேரு இருக்கா?

விளைந்ததைத் தாமே விற்க ஆரம்பித்த சம்சாரிகள் இப்போது அடிக்கடி கேட்பது, "பில் போட எந்த ஆப் நல்லா இருக்கு?" என்பதுதான். பாளையம்பட்டியைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து குதிரைவாலி, கம்பு, உளுந்து, மல்லி விற்கிறோம். கணக்கு எழுதுவது என் பொறுப்பு. மென்பொருளின் பேரைச் சொல்வதற்கு முன்னால், இயற்கை விவசாயிக்குப் பில் எதற்கு என்பதைப் பேசிவிடுவோம்.

போன மாசி அறுப்புக்குப் பிறகு ஒருநாள் மதுரைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, குதிரைவாலி அரிசியில கல்லு கிடக்குன்னு ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. எந்தச் சரக்குன்னு இன்னைக்கே சொல்லுங்க. இல்லேன்னா மொத்தத்தையும் வண்டியில ஏத்தி விட்டுருவேன்" என்றார். அவருக்கு மூன்று தடவை சரக்குப் போயிருந்தது. ஐந்து பேர் காட்டு அரிசியும் அதில் இருந்தது. களத்து நோட்டு, அரவை நோட்டு, விற்பனை நோட்டு என்று மூன்றிலும் மூடை எண் எழுதியிருந்ததால் தேடிப் பிடித்தோம். ஒரே காட்டில் இருந்து வந்த நாலு மூடை. அதை மட்டும் திரும்ப எடுத்துக் கல் நீக்கினோம். மற்ற நாலு பேர் சரக்கு கடையிலேயே நின்றது. ஆனால் தேடுவதற்கு ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

அன்றுதான் மென்பொருள் வேண்டும் என்று முடிவெடுத்தோம். பாக்கெட்டில் இருந்து காடு வரைக்கும் பின்னோக்கிப் போக முடிந்தால்தான் 'இயற்கை விளைச்சல்' என்று நாம் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு. பி.ஜி.எஸ். சான்றிதழ் குழுவுக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேர் நம்பிக்கையும் ஒரு பில்லில்தான் நிற்கிறது.

தொகுதி எண்

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பொருளின் பேருக்குப் பக்கத்தில் தொகுதி எண் போட இடம் இருக்கிறதா? அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால், அது யார் யாருக்குப் போயிருக்கிறது என்று வருகிறதா? எங்கள் எண் எளிது: காட்டுக்கு ஒரு எழுத்து, அறுத்த மாதம், அரைத்த தேதி. இதை எந்த மென்பொருளும் உங்களுக்காக உண்டாக்கித் தராது. களத்திலேயே மூடையில் எழுதிவிட வேண்டும்.

வரிக் கட்டம்

சொந்த நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் சம்சாரி, அந்த விற்பனைக்காக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அடுத்தவர் விளைச்சலையும் வாங்கி, எண்ணெய் போன்ற வரியுள்ள பொருளும் விற்று, ஆண்டு மொத்த விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். வரியுள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் தொகை குறைவாக இருந்தாலும் பதிவு கேட்பார்கள். உங்கள் நிலையை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு இல்லாதவர் பில்லில் வரி வாங்கக் கூடாது. அதனால் வரிக் கட்டத்தை முழுசாக எடுத்துவிட முடிகிறதா என்று பாருங்கள். பதிவு உள்ளவருக்கு வேறு சிக்கல். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டுச் சீட்டு ஒட்டிய தானியம், பருப்புக்கு 5 சதவீத வரி. எடை போட்டுச் சில்லறையாகக் கொடுத்தால் வரி இல்லை. ஒரே குதிரைவாலியை இரண்டு பொருளாகப் பதிய முடிய வேண்டும். உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் வாங்கியவர்கள், அந்த 14 இலக்க எண்ணையும் பில்லில் போட வேண்டும். இது 2022 ஜனவரியில் இருந்து நடைமுறை.

சிக்னலும் கடனும்

நம் கரிசல் காட்டில் நின்றால் சிக்னல் வரும், போகும். சந்தையில் வைத்துப் பில் போட, இணையம் இல்லாமலும் ஓடுகிற மென்பொருள் உதவும். கடைக்காரர் பாதிப் பணம் இன்றைக்கு, மீதி அடுத்த மாதம் என்பார். ஆள்வாரியாகப் பாக்கி காட்ட வேண்டும். அரைக் கிலோ, கால் கிலோ எடையும் சரியாக ஏற வேண்டும்.

கைக்கு வரும் மென்பொருள்கள்

தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் 'இன்வாய்ஸ்' இலவசம். பில் அழகாக வரும், பாக்கியைக் காட்டும். இணையம் வேண்டும், சரக்கு இருப்புக் கணக்குக்கு அவர்களுடைய வேறு மென்பொருளுக்குப் போக வேண்டும். 'வியாபார்' ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமலும் ஓடும், இருப்பும் தொகுதி எண்ணும் வைத்துக்கொள்ளலாம். சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். 'டாலி' கம்ப்யூட்டரில் ஓடுவது. ஆடிட்டர்களுக்குப் பழக்கமானது, தொகுதிக் கணக்கும் உண்டு. மாதம் இருபது பில்லுக்கு அது பெரிய வண்டி. அந்த அளவு விற்பவருக்குக் கூகுள் ஷீட்டும் ஒரு ரசீதுப் புத்தகமுமே போதும்.

நாங்கள் போனில் ஓடுவதையே எடுத்தோம். சந்தைக்குப் போகிறவர் கையில் போன்தான் இருக்கும்.

மூன்று பில் சோதனை

பணம் கட்டுவதற்கு முன்னால், போன வெள்ளாமையின் உண்மையான மூன்று பில்லைப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ ரொக்க விற்பனை ஒன்று, பாதிக் கடன் வைத்த கடைப் பில் ஒன்று, திரும்பி வந்த சரக்கு ஒன்று. பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு இன்னொரு பில் போடுங்கள். கடைசியாக, எல்லாக் கணக்கையும் எக்செல் கோப்பாக வெளியே எடுங்கள். சந்தா முடிந்த பிறகு பழைய பில்லைத் திறக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவில் இருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும்.

எடுத்த கோப்பை மாதக் கடைசியில் குழுவில் இன்னொருவர் போனிலும் ஏற்றி வையுங்கள். விதையை ஒரே குதிரில் போட்டு வைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாதே!